கிளம்ப மறுக்கும் படகு மோட்டார்: மாரிக்கு முன் செய்ய வேண்டிய சோதனை

ஊரப்பாக்கம் கடற்கரைக் கிராமம் அன்று. வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்த ஏரிக்கரை ஊர் அது. அவ்வூராருக்குப் படகு மோட்டாரைப் பற்றி என்ன கவலை என்று வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நினைவிற் கொண்டோர் அவ்விதம் வினவமாட்டார்கள். அம்மாதம் 2ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இப்பக்கத்து ஏரிகளின் உபரி நீர் ஆதனூர் வழியாக அடையாற்றைச் சேருவது. அன்று ஆறு கரை கொள்ளாமையால் முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது; மனிதர் நடந்த தெருக்களிற் படகுகள் சென்றன. ராணுவத்தினரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் படகுகளோடு வந்தனர். கடற்கரை மீனவரும் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகரின் பல பகுதிகளுக்கு வந்து உதவினர். 2018 ஆகஸ்டில் கேரள தேசத்து மீனவர்களும் தங்கள் படகுகளை இவ்வாறே உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்று எண்ணிறந்த உயிர்களைக் காத்தனர்.

இத்தகைய படகுகளிற் பெரும்பாலானவை, பின்பலகையில் மாட்டவும் கழற்றவும் கூடிய அவுட்போர்டு மோட்டாரால் ஓடுவன. அமெரிக்காவில் ஓல் எவின்ருட் என்பவர் 1909ஆம் ஆண்டில் இவ்வகை மோட்டாரை விற்பனைக்குக் கொணர்ந்து பரவச் செய்தார். தமிழ்நாட்டுக் கரையில் 1980களில் கட்டுமரங்களிலும் வள்ளங்களிலும் இது பரவிற்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் பைபர் படகுகள் பெருகவே மோட்டாரும் பெருகியது. நாள்தோறும் கடலுக்குச் செல்லும் மோட்டாரின் குணத்தை உடையவர் நன்கு அறிவார். ஆனால் வெள்ள காலத்துக்கென வாங்கி வைத்த மோட்டாரும், பழையதென்று ஒதுக்கிய மோட்டாரும் ஆண்டில் பதினொரு மாதம் மூலையில் நிற்கின்றன. தேவை நேர்ந்த இரவில், கொட்டும் மழையில், நான்கு பேர் மாறி மாறிக் கயிற்றை இழுத்தும் அவை கிளம்புவதில்லை.

இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. நல்ல மோட்டார் ஒரே நாளிற் கெட்டுவிடுவது அரிது. அது முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கின்றது. மூன்று இழுப்பில் கிளம்பியது ஐந்து இழுப்பாகி, பின்னர்ப் பத்து இழுப்பாவதே அவ்வறிவிப்பு. அதை எண்ணுவாரும் எழுதி வைப்பாரும் இல்லாமையாலேயே மோட்டார் திடீரென்று கெட்டதாக நமக்குத் தோன்றுகின்றது. காரணத்தைக் கண்டறியும் முறையையும், கணக்கு வைக்கும் முறையையும் கீழே வரிசையாக எழுதுகிறோம்.

மோட்டாருக்கு வேண்டியவை

கிராமங்களிலும் கடற்கரையிலும் காணப்படும் பழைய மோட்டார்களிற் பெரும்பாலானவை 8 முதல் 15 குதிரைச் சக்தி வரையுள்ள டூ-ஸ்ட்ரோக் யந்திரங்கள். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றி, கயிற்றை இழுத்துக் கிளப்பப்படுவன. அவை கிளம்ப நான்கு காரியங்கள் நடைபெற வேண்டும். தகுந்த அளவில் காற்றும் எரிபொருளும் கலந்து சிலிண்டருக்குள் வர வேண்டும். அக்கலவையைப் பிஸ்டன் நன்றாக அழுத்த வேண்டும். ஸ்பார்க் பிளக்கில் வலுவான தீப்பொறி தோன்ற வேண்டும். அப்பொறி உரிய கணத்திலே தோன்ற வேண்டும். இந்நான்கும் அமைந்திருந்தால் எவ்வளவு பழைய மோட்டாரும் கிளம்பியே தீரும். ஒன்று குறைந்தால் புதிய மோட்டாரும் கிளம்பாது. ஆகவே வயதின் மேற் பழி போடாமல், நான்கில் எது குறைகின்றது என்று பார்ப்பதே முறை.

மூடியைத் திறக்குமுன் பார்க்க வேண்டியவை

கோளாறு என்று கருதப்படுவனவற்றுட் பல, மோட்டாருக்கு வெளியிலேயே இருக்கின்றன. அவற்றை முதலிற் பார்ப்பதற்குக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை.

1. அவசர நிறுத்தக் கயிற்றின் கொக்கி அதன் இடத்தில் மாட்டியிருக்கின்றதா? அது கழன்றிருந்தால் தீப்பொறி தோன்றாது. கொக்கி காணாமற் போவது மிகச் சாதாரணம். உபரியாக ஒன்று படகிலேயே இருக்க வேண்டும்.

2. கியர் நியூட்ரலில் இருக்கின்றதா? பல மாதிரிகளில் கியர் விழுந்திருந்தால் கயிற்றையே இழுக்க முடியாதபடி தடை உண்டு.

3. எண்ணெய் டாங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கின்றதா? அது மூடியிருந்தால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் வருவது நின்றுவிடும். சில நிமிடங்கள் ஓடிப் பின் நின்றுபோகும் மோட்டாரில் முதலில் ஐயுற வேண்டியது இத்திருகையே.

4. குழாயின் நடுவிலுள்ள ரப்பர்க் குமிழின் மேலிட்ட அம்புக்குறி மோட்டாரை நோக்கி இருக்கின்றதா? குமிழின் மோட்டார்ப் பக்கத்து முனையை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு பிசைந்தால், சில தடவைகளில் அது கெட்டியாக வேண்டும். எவ்வளவு பிசைந்தும் மெத்தென்றே இருந்தால், டாங்கிலிருந்து குமிழ் வரையுள்ள வழியில் எங்கோ காற்று நுழைகின்றது. அல்லது குமிழினுள் உள்ள வால்வு கெட்டிருக்கின்றது.

5. குளிர்ந்த மோட்டாருக்குச் சோக் இழுக்கப்பட்டிருக்கின்றதா? கிளம்பியவுடன் அது திரும்ப விடப்படுகின்றதா?

கயிற்றை இழுக்கும் முறையும் உண்டு. முதலில் மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் பிடிப்புக் கிடைக்கும். அங்கிருந்து நேராகவும் வேகமாகவும் இழுக்க வேண்டும். இழுத்தபின் கயிற்றைச் சட்டென்று விட்டுவிடாமல், கையோடு திரும்பச் செல்ல விடுதல் வேண்டும். இழுப்பவருக்குப் பின்னால் ஒருவரும் நிற்கலாகாது.

ஈரமா, உலர்ந்ததா?

மேற்கூறியவை யாவும் சரியாயிருந்தும் மோட்டார் கிளம்பாவிட்டால், எட்டுப் பத்துத் தடவை இழுத்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்க்க வேண்டும். இது மருத்துவர் நாடி பார்ப்பதற்கு ஒப்பாகும்.

முனை உலர்ந்திருந்தால் எரிபொருள் சிலிண்டருக்கு வரவில்லை. அப்பொழுது தீப்பொறியைப் பற்றி யோசியாமல் எண்ணெய் வரும் வழியைச் சோதிக்க வேண்டும். முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகின்றது, ஆனால் பற்றவில்லை. அப்பொழுது தீப்பொறியையும் எரிபொருளின் தரத்தையும் பார்க்க வேண்டும். இவ்வொரு சோதனை பாதி வேலையைக் குறைத்துவிடுகின்றது. இது தெரியாமையால், தீப்பொறியில்லாத மோட்டாரின் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு, நல்லதாயிருந்த பாகத்தையும் கெடுத்துக்கொள்வோர் பலர்.

முனையின் நிறமும் சில செய்தி சொல்லும். வெளிறிய காப்பிப் பொடி நிறமாயின் எரிதல் நன்று. கரியும் எண்ணெய்ப் பசையும் படிந்திருந்தால் எண்ணெய் மிகுதியாகக் கலந்திருக்கலாம். அல்லது சோக் திரும்ப விடப்படாதிருக்கலாம். நுனி தேய்ந்து உருண்டிருந்தால் புதிய பிளக் போடுவதே சிக்கனம். இரு நுனிகளுக்கும் உள்ள இடைவெளி பல மாதிரிகளில் 0.6 முதல் 1.0 மில்லிமீட்டருக்குள் அமையும். சரியான அளவை மோட்டாரின் கைப்புத்தகத்தில் பார்த்து, இடைவெளி அளக்கும் தகட்டால் சரிபார்க்க வேண்டும்.

முனை உலர்ந்திருந்தால்

எரிபொருளின் வழி டாங்கில் தொடங்கிக் கார்புரேட்டரில் முடிகின்றது. அவ்வரிசையிலேயே சோதித்தல் நலம். டாங்கின் அடியில் சேறு இருக்கின்றதா, குழாயில் வெடிப்பு உண்டா, இணைப்பு முழுவதும் அழுந்தியிருக்கின்றதா, வடிகட்டியில் அழுக்குச் சேர்ந்திருக்கின்றதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதன்பின் மோட்டாரிலுள்ள எண்ணெய்ப் பம்பு. அதனுள் இருக்கும் மெல்லிய சவ்வு பழைய மோட்டார்களில் விறைத்தோ கிழிந்தோ போவதுண்டு. மோட்டார் குமிழைப் பிசைந்துகொண்டிருந்தால் மட்டும் ஓடி, பிசைவதை நிறுத்தினால் நின்றுபோகுமானால், இச்சவ்வைச் சந்தேகிக்கலாம்.

இவையெல்லாம் சரியாயின், கார்புரேட்டரில் அடைப்பு உண்டு என்று கொள்ளலாம். பல மாதம் நின்ற பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற பசையைக் கார்புரேட்டருக்குள் விட்டுச் செல்கின்றது. மெதுவான ஓட்டத்துக்கு எண்ணெய் விடும் சிறு ஜெட்டின் துளை மிக நுண்ணியது. முதலில் அடைபடுவதும் அதுவே. சோக் இழுத்திருக்கையில் ஓடி, சோக்கை விட்டதும் நின்றுபோகும் மோட்டாரில் பெரும்பாலும் இதுவே கோளாறு. கார்புரேட்டரைக் கழற்றி, அதற்குரிய திரவத்தில் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இரும்புக் கம்பியாலோ ஊசியாலோ துளையைக் குத்தவே கூடாது. துளை மயிரிழை அளவு பெரிதாயினும் கலவையின் அளவு மாறிவிடும். அதன்பின் அம்மோட்டார் ஒருபோதும் சீராக ஓடாது.

எரிபொருளின் தரம்

நனைந்த பிளக்கைக் கண்டவுடன் தீப்பொறியைச் சோதிக்குமுன், டாங்கிலிருந்து சிறிது பெட்ரோலை நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் எடுத்துக் கால் மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் வேறாக ஒரு படலம் தெரிந்தால் நீர் கலந்திருக்கின்றது. பெட்ரோலின் வழக்கமான கார நெடியின்றி, வார்னிஷ் போன்ற மந்தமான வாடை வீசினால் அது பழம் பெட்ரோல். அதைத் தீயினின்று விலக்கித் தனியே அப்புறப்படுத்த வேண்டும். கிணற்றருகிலோ, ஏரியிலோ, சாக்கடையிலோ கொட்டலாகாது.

இக்காலத்தில் இதிற் கூடுதல் எச்சரிக்கை தேவை. இந்தியாவில் பெட்ரோலோடு எத்தனால் கலக்கும் அளவு படிப்படியாக உயர்ந்து, 2025ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் குணமுடையது. ஈரம் ஓரளவுக்கு மேற் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலினின்று பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்தே. அவ்வடிக் கலவை சரியாகத் தீப்பற்றாது. டூ-ஸ்ட்ரோக் யந்திரத்துக்கு இன்றியமையாத எண்ணெயும் அதில் இராது. மேலும், எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களும் சவ்வுகளும் அதனால் விரைவில் கெடுகின்றன. ஆகையால் மாரிக்கென்று முன் ஆண்டு வாங்கிய பெட்ரோலை இவ்வாண்டு பயன்படுத்துவது முற்றிலும் தகாது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பெட்ரோலை அவசர காலத்துக்கு நம்ப வேண்டா.

எண்ணெய் கலக்கும் விகிதத்தை மோட்டாரின் கைப்புத்தகத்திற் கண்டபடி அனுசரிக்க வேண்டும். 50க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய். 25க்கு 1 என்றிருந்தால் 40 மில்லிலிட்டர். "கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் யந்திரத்துக்கு நல்லது" என்பது தவறான எண்ணம். மிகுதி எண்ணெய் பிளக்கில் கரியாகப் படியும். குறைந்தாலோ பிஸ்டனே பிடித்துக்கொள்ளும்.

மண்ணெண்ணெய் மோட்டார்

கடற்கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்களும் உண்டு. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, ஆகவே தீப்பற்றாது. அதனால் இவற்றைப் பெட்ரோலிற் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்றனர். பலர் மறந்துவிடுவது இதன் மறுபாதியை. நிறுத்துமுன் சில நிமிடங்கள் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரிலுள்ள மண்ணெண்ணெய் தீரும் வரை ஓட்டிய பின்னரே நிறுத்த வேண்டும். கரைக்கு வந்த களைப்பில் அப்படியே நிறுத்திவிட்டால், மறுநாட் காலையில் கார்புரேட்டரில் மண்ணெண்ணெயே நிற்கும். எத்தனை இழுத்தும் மோட்டார் கிளம்பாது. இத்தகைய மோட்டாரை வெள்ள வேலைக்கு இரவல் பெறுவோர், முந்தைய நாள் எப்படி நிறுத்தப்பட்டது என்று உடையவரிடம் கேட்டறிதல் அவசியம்.

முனை நனைந்திருந்தால்

பெட்ரோல் நல்லதாயிருந்தும் பிளக் நனைந்தே வருமாயின் தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். பெட்ரோல் டாங்கையும் சிந்திய பெட்ரோலையும் முதலில் அப்புறப்படுத்துக. பிளக்கின் தொப்பியை மாட்டி, பிளக்கின் உலோக உடல் மோட்டாரின் உலோகத்தைத் தொடும்படி, சிலிண்டர்த் துளைக்குத் தூரமாக வைத்து ஒருவர் கயிற்றை இழுக்க வேண்டும். பிளக்கை வெறுங் கையாற் பிடிக்கலாகாது. நீல நிறத்தில், சடசடவென்னும் ஓசையோடு பொறி பாய்ந்தால் நன்று. மங்கிய மஞ்சள் நிறமாயின் வலு குறைவு. இதற்கென விற்கப்படும் பொறி சோதிக்கும் கருவி ஒன்றைச் சங்கத்தில் வாங்கி வைப்பது இன்னும் பத்திரமானது.

பொறியே தோன்றாவிடின், முதலில் புதிய பிளக் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு நிறுத்தும் சுவிட்சின் கம்பியை, கைப்புத்தகத்தின்படி, தற்காலிகமாகக் கழற்றிப் பார்க்கலாம். உப்பு நீராற் பச்சை பிடித்த சுவிட்சு தன் வேலையை இடைவிடாது செய்துகொண்டிருக்கும். அதாவது மோட்டாரை எப்பொழுதும் நிறுத்திய நிலையிலேயே வைத்திருக்கும். கம்பியைக் கழற்றியதும் பொறி வந்தால் கோளாறு சுவிட்சில் என்பது உறுதி. சுவிட்சை மாற்றிய பின்னரே படகை நீரில் விட வேண்டும். நிறுத்த முடியாத மோட்டார் கிளம்பாத மோட்டாரைவிட அபாயமானது.

மிகப் பழைய மாதிரிகளில், சுழல்சக்கரத்துக்கு அடியில் பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள் இருக்கின்றன. சும்மா நிற்கும் மோட்டாரில் அம்முனைகளின் மேல் மெல்லிய களிம்பு ஏறிப் பொறியைத் தடுக்கும். நுண்ணிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, சுத்தமான கெட்டிக் காகிதத்தால் துடைத்து, இடைவெளியைச் சரி செய்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். பிந்திய மாதிரிகளில் தொடுமுனைகளுக்குப் பதிலாக மின்னணுப் பெட்டி உண்டு. அதைப் பழுது பார்க்க இயலாது, மாற்றத்தான் வேண்டும். அதற்குமுன் கம்பி இணைப்புகளையும், காயிலில் வெடிப்பு உண்டா என்பதையும் பார்த்துவிடுதல் வேண்டும்.

பொறி நன்றாக இருந்தும் பிளக் நனைந்தே இருந்தால், சோக்கோடு பல தடவை இழுத்ததனால் பெட்ரோல் மிதமிஞ்சிப் போயிருக்கலாம். அப்பொழுது எண்ணெய்க் குழாயைக் கழற்றி, சோக்கை உள்ளே தள்ளி, பிளக்குகளை எடுத்துவிட்டு, பொறி பாயாதபடி நிறுத்தக் கயிற்றின் கொக்கியையும் கழற்றிவிட்டு, பத்துத் தடவை இழுத்தால் மிகுதி வெளியேறிவிடும். பிளக்குகளைத் துடைத்து உலர்த்தி மாட்டி, கொக்கியையும் மாட்டி, சோக் இல்லாமலே கிளப்பிப் பார்க்க வேண்டும்.

அழுத்தமும் காலமும்

எரிபொருளும் பொறியும் நன்றாயிருந்தும் கிளம்பாத மோட்டாரில், கயிற்றை இழுக்கையில் கைக்கு எதிர்ப்புத் தெரிகின்றதா என்று கவனிக்க வேண்டும். முன்னைவிட எளிதாக இழுபடுமானால் அழுத்தம் குறைந்திருக்கின்றது. பிளக்கின் துளையில் மாட்டும் அழுத்தமானியால் இதை அளக்கலாம். இவ்வகைச் சிறு மோட்டார்களில் சதுர அங்குலத்துக்கு 90 ராத்தலுக்குக் குறைந்தாலும், இரண்டு சிலிண்டர்களுக்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேற்றுமை இருந்தாலும் பழுது உண்டென ஐயுறுதல் வேண்டும். நெடுநாள் நின்ற மோட்டாரில் பிஸ்டன் வளையங்கள் கரியால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிளக் துளை வழியாகச் சிறிது எண்ணெயை விட்டு ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் பிளக்கில்லாமல் மெதுவாகச் சுழற்றினால் சில சமயம் வளையம் விடுபடும். அவ்விதமும் சீராகாவிடின் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைக்க வேண்டும்.

கயிற்றை இழுக்கையில் மோட்டார் எதிர்த்து அடித்தாலோ, கார்புரேட்டர் வழியாகத் துப்பினாலோ, பொறி தவறான கணத்தில் தோன்றுகின்றது எனலாம். சுழல்சக்கரத்தை இருசில் பொருத்தும் சிறு சாவி சிதைந்திருப்பது இதற்கு ஒரு காரணம். இதுவும் மெக்கானிக்கின் வேலையே.

நீரின்றி ஓட்ட வேண்டா

சோதனையின்போது மோட்டாரின் கால், நீர் நிறைந்த பீப்பாயில் அமிழ்ந்திருக்க வேண்டும். குளிர்விக்கும் நீரை இறைக்கும் ரப்பர்ச் சக்கரம், நீரில்லாமல் ஓடினால் மிகச் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். கிளம்பியதும் பக்கத்துத் துளையிலிருந்து நீர்த்தாரை வருகின்றதா என்று பார்க்க வேண்டும். வராவிடின் உடனே நிறுத்துக. பீப்பாயில் ஓட்டும்பொழுது கியர் போடலாகாது. மூடிய அறையில் ஓட்டலாகாது. அதன் புகை உயிருக்கு ஆபத்தானது.

வெள்ளத்தில் சேறும், துணியும், பிளாஸ்டிக் பைகளும் நீர் புகும் வாயை அடைக்கும், சுழல்விசிறியைச் சுற்றிக்கொள்ளும். விசிறி எதிலேனும் மோதினால் முறிந்து யந்திரத்தைக் காப்பதற்கென்றே ஒரு சிறு பின் பல மாதிரிகளில் உண்டு. அதற்குப் பதிலாக ஆணியை அடித்து ஓட்டுவோர் கியரையே இழக்கின்றனர். உபரிப் பின்கள் எப்பொழுதும் கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமாக, நீரில் நிற்கும் மனிதரை நெருங்கும்பொழுது மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளிச் செல்ல வேண்டும். சுழலும் விசிறி, காக்கப் போன உயிரையே மாய்த்துவிடக்கூடும். இவ்வாறு அடிக்கடி நிறுத்தி நிறுத்திக் கிளப்ப வேண்டியிருப்பதனாலும், ஓரிழுப்பில் கிளம்பும் மோட்டார் வெள்ள வேலைக்கு இன்றியமையாதது.

இழுப்புக் கணக்கு

ஒருவருடைய மோட்டாரை அவர் பார்த்துக்கொள்கிறார். பலருக்குப் பொதுவான மோட்டாரை யார் பார்ப்பது? மற்றொருவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுகின்றனர். பொதுச் சொத்துக்கு நேரும் கேடு இதுவே. இதற்குரிய மருந்தைக் கூட்டுறவு இயக்கம் நெடுநாட்களுக்கு முன்பே கண்டிருக்கின்றது. 1904ஆம் ஆண்டில் திரூரில் சங்கம் பதிவான காலந்தொட்டு, பொதுப் பணத்தைக் காத்துவருவது கணக்குப் புத்தகமும் தணிக்கையுமே. பணத்துக்குச் செய்வதைப் பொது யந்திரத்துக்கும் செய்ய வேண்டும்.

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். ஐந்து கலங்கள் கோடிடுக: தேதி, கிளப்பியவர் பெயர், எத்தனை இழுப்பில் கிளம்பியது, பெட்ரோல் வாங்கிய தேதி, கண்ட குறையும் செய்த வேலையும். பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை மோட்டாரைப் பீப்பாயில் பத்து நிமிடம் ஓட்டி இதை எழுதி வர வேண்டும். ஆடி மாதத்தில் மூன்று இழுப்பு, ஆவணியில் ஐந்து, புரட்டாசித் தொடக்கத்தில் ஒன்பது என்று கணக்குக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அம்மோட்டார் ஓடத்தான் ஓடுகின்றது. பார்ப்போர் குறை சொல்லார். ஆனால் புத்தகம் குறை சொல்கின்றது. ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கையிலேயே பிளக்கைக் கழற்றிப் பார்க்க அது நம்மைத் தூண்டுகின்றது. வெள்ள நாளில் மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார், பாகமும் கிடைக்காது, கடைக்குப் போக வழியும் இராது. புரட்டாசியிலோ இவை யாவும் கிடைக்கும்.

பொறுப்பாளர் ஒருவரும், அவர் இல்லாதபொழுது செயற்படத் துணைப் பொறுப்பாளர் ஒருவரும் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். இருவரும் அதே ஊரில், மேட்டுப் பகுதியில் வசிப்பவராயிருத்தல் நலம். மோட்டார் இருக்கும் அறையின் சாவி இருவரிடமும் இருக்க வேண்டும். அறையே தாழ்ந்த இடத்தில் இருந்து, முதலில் மூழ்குவது மோட்டாராக முடிந்தால் அத்தனை முயற்சியும் வீணாகும். மோட்டாரோடு ஒரு பெட்டியில் இரண்டு பிளக்குகள், பிளக் ஸ்பானர், உபரிப் பின்கள், இழுகயிறு, நிறுத்தக் கயிற்றுக் கொக்கி, எண்ணெய்க் குழாய், டார்ச் விளக்கு ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும். பழைய மாதிரிகளின் பாகங்கள் ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகின்றன. நூறாண்டுக்கு மேல் நிலைத்த எவின்ருட் மோட்டாரின் உற்பத்தியே 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆகவே தேய்ந்து மாறும் பாகங்களைக் கிடைக்கும்பொழுதே வாங்கி வைத்தல் வேண்டும்.

ஓய்வுக்கு வைக்கும் முறை

தை பிறந்து மாரிக்காலம் கழிந்தவுடன் மோட்டாரை அப்படியே மூலையில் சாய்த்துவிடலாகாது. வெள்ள நீரும் கடல் நீரும் யந்திரத்தை அரிப்பவை. முதலில் நல்ல நீர் நிறைந்த பீப்பாயில் ஓட்டி உட்புறத்தைக் கழுவுக. பிறகு எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிடுக. டாங்கைக் காலி செய்து உலர்த்துக. பிளக்கைக் கழற்றி ஒரு சிறு கரண்டி எண்ணெயை விட்டு, மெதுவாகச் சில தடவை இழுத்து, பிளக்கை மாட்டிவிடுக. கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தால், பால் போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கின்றது. அதன் ரப்பர் அடைப்பை மாற்ற வேண்டும். மோட்டாரை நிமிர்த்தியே நிறுத்தி, எலி கம்பியைக் கடிக்காத இடத்தில் வைக்க வேண்டும்.

பின்னர் ஆனி மாதத்தில் புதிய பெட்ரோலோடு எடுத்து, மேலே கூறிய பதினைந்து நாட் சோதனையைத் தொடங்குக. ஒவ்வொரு முறையும் ஓட்டி முடித்தபின் கார்புரேட்டரைக் காலி செய்தே நிறுத்துக. புரட்டாசி முடிவதற்குள் மூன்று இழுப்புக்கு மேல் கேட்கும் மோட்டாரை மெக்கானிக்கிடம் அனுப்பிவிடுக. ஐப்பசி முதல் நாளன்று இழுப்புக் கணக்கைக் கூட்டத்தில் உரக்க வாசித்து, பொறுப்பாளர் இருவரும் கையொப்பமிடுவது நல்ல வழக்கமாகும். ஊரப்பாக்கத்தைப் போன்ற ஏரிக்கரை ஊர்கள் யாவும் இவ்வளவும் செய்துகொள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலையும், மாதத்தில் ஒரு மணி நேரமும், சிறிது பெட்ரோலுமே செலவாகும்.